பெண் வீடா, பிள்ளை வீடா?

அரியூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதற்கு அரங்கநாதன் மேனேஜர். மண்டபம் டவுனில் இருக்கிற யாரோ ஒருவருடையது, சாவி மட்டும் அரங்கநாதனுடையது. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் பாதிப் பேர் தாலி கட்டியபோது ஜெனரேட்டரைக் கிளப்பியவர் அவர்தான் என்பதால், அந்தக் குடும்பங்கள் எல்லாம் தம்மால் உண்டானவை என்று அவருக்கு ஒரு நினைப்பு. அவற்றில் சில பிற்பாடு கோர்ட்டு வரைக்கும் போனது உண்மைதான். அது மேடை ஜோடித்தவன் தப்பு என்பார்.

அவரிடம் ஒரு வித்தை உண்டு. பந்தியில் யாரைக் காட்டினாலும் என்ன உறவு என்று சொல்லிவிடுவார். பக்கத்து இலையைத் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டால் பங்காளி. சாம்பார் நன்றாக இருக்கிறது என்று மூன்று தரம் சொன்னால் சம்பந்தி. இரண்டாம் முறை பாயசம் கேட்க வெட்கப்பட்டால் புது மாப்பிள்ளை, வெட்கப்படாவிட்டால் பழைய மாப்பிள்ளை. வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டும்போது அவர் கேட்பது ஒரே கேள்விதான்:

"பொண்ணு வூடா, புள்ள வூடா?"

உலகத்தில் மூன்றாவது வீடு ஒன்று இருப்பதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

ஊருக்கெல்லாம் சந்தனம் கொடுத்த மனிதரின் சொந்த வீட்டில்தான் சந்தனம் காய்ந்து கிடந்தது. ஒரே மகன் கலைவேந்தன். வயது முப்பத்து மூன்று ஆயிற்று. கரும்பும் நெல்லும் வைக்கிறான். தண்ணீர் இருக்கிற நிலம், பவர் டில்லர் இருக்கிறது, பல் வரிசை நன்றாக இருக்கிறது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் எல்லாம் வரவேற்பும் நன்றாகத்தான் இருக்கும். "புள்ள இன்னா பண்றாரு?" என்று கேட்பார்கள். "பயிர் வைக்கிறான்" என்று அரங்கநாதன் சொல்வார். அதுவரை பேச்சில் இருந்த சூடு டீயோடு ஆறிவிடும். மறுவாரம் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வரும். ஜாதகத்தைத் திறந்துகூடப் பார்க்காத வீடுகளிலும் அது எப்படியோ பொருந்தாமல் போயிற்று.

இதில் கொடுமை அது இல்லை. ஆறு மாதம் கழித்து அதே பெண்ணுக்கு அரங்கநாதனின் மண்டபத்திலேயே கல்யாணம் நடக்கும். வாசலில் சந்தனத்தோடு நிற்பது அவர்தானே! பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஒரு விரலைக் கிண்ணத்தில் வைப்பார். "மாப்ள இன்னா பண்றாரு?" என்று அரங்கநாதன் கேட்பார். கேட்காமல் இருக்க அவரால் முடியாது.

"கம்ப்யூட்டர்ங்க."

எல்லாரும் கம்ப்யூட்டர். வைகாசியில் கம்ப்யூட்டர், ஆவணியில் கம்ப்யூட்டர், தையில் வரிசையாகக் கம்ப்யூட்டர். தம் பிள்ளைக்கு வர வேண்டிய பெண்களை எல்லாம் ஒரு கூட்டம் அள்ளிக்கொண்டு போவதாகவும், அந்தக் கூட்டத்துக்கு எங்கோ ஒரு தலைவன் இருப்பதாகவும் அரங்கநாதன் நம்பத் தொடங்கினார்.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம், மண்டபத்தில் புறாக்களுக்கு மட்டும்தான் கல்யாணம். அப்போதுதான் ஸ்கூட்டரில் ரோஸ்லின் வந்து இறங்கினாள். பக்கத்து ஊர்ப் பெண். முப்பது வயது, கையில் ஹெல்மெட், தோளில் ஒரு பெரிய ஸ்பீக்கர்.

"ஞாயித்துக்கெழம மத்தியானத்துல மண்டபம் ஓணும் சார். இந்த மாசம் முச்சூடும்."

"இன்னா விசேஷம்மா?"

"டான்ஸ் சார். சால்சான்னு சொல்வாங்க."

"யாரு ஆடுவாங்க, யாரு பாப்பாங்க?"

"பாக்கறதுக்கு யாரும் இல்ல சார். வர்றவங்க எல்லாரும் ஆடுவாங்க. ஜோடி ஜோடியா."

"புருஷன் பொண்டாட்டியா?"

"இல்ல."

"கட்டிக்கப் போறவங்களா?"

"இல்ல சார்."

"அண்ணன் தங்கச்சி?"

"ஐயையோ!"

"அப்ப இன்னா மொறைம்மா?"

ரோஸ்லின் நியாயமாகவே யோசித்துப் பார்த்தாள். "மொறையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். கூட ஆடறவங்க, அவ்ளோதான்."

அரங்கநாதன் சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகினார். வம்பு என்று தெரிந்துவிட்டது. அனுப்பிவிடலாம் என்றுதான் எழுந்தார். எழுந்தபடி, பழக்க தோஷத்தில் கேட்டார்: "நீ இன்னா வேலைம்மா பாக்கற?"

"சாஃப்ட்வேர் டெஸ்டிங்."

"மத்தவங்க?"

"எல்லாரும் ஐ.டி.தான் சார். ஒருத்தர் மட்டும் பேங்க்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "பேங்க்லயும் அவரு கம்ப்யூட்டர் செக்‌ஷன்."

அரங்கநாதன் உட்கார்ந்துவிட்டார். எதிரியின் படை மொத்தமும் தானாக வந்து தம் கோட்டைக்குள் இறங்குகிறேன் என்கிறது. எந்த ராஜா கதவைச் சாத்துவான்?

முதல் ஞாயிறு. ஆடியோ ஆனியோ, மண்டபத்து வாசலில் வெறுங்கையோடு நிற்பது அபசகுனம் என்பதால் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்போடு அரங்கநாதன் நின்றார். முதலில் வந்தவன் அன்புராஜ். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, யாராவது திட்டிவிடுவார்களோ என்று முன்கூட்டியே பயந்த முகத்தோடு இருந்தான்.

"பொண்ணு வூடா, புள்ள வூடா?"

அவன் திகைத்தான். "நான் லீட் அங்கிள்."

"அப்டீன்னா?"

"கூட்டினு போறவங்க லீட். கூட வர்றவங்க ஃபாலோ."

அரங்கநாதனுக்குப் பால் வார்த்ததுபோல் இருந்தது. உலகம் மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. லீட் எல்லாரையும் பிள்ளை வீட்டுப் பக்கம் உட்கார வைத்தார், ஃபாலோ எல்லாரையும் பெண் வீட்டுப் பக்கம். கணக்கு அழகாகப் போய்க்கொண்டிருந்தது, ரோஸ்லின் வரும் வரையில். "நான் ரெண்டும் சார்" என்று சொல்லிவிட்டு அவள் நடுவழியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

பிறகு, கால் சுலபமாகத் திரும்புவதற்காக, முகப்பவுடர் டப்பாவை எடுத்துத் தரையில் கொட்டினார்கள். கேரம் விளையாடப் போகிறார்கள் என்று அரங்கநாதன் நினைத்தார். பாட்டுப் போட்டார்கள். ஆண்கள் கையை நீட்டினார்கள், பெண்கள் கையைக் கொடுத்தார்கள், முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு. நாலு நிமிடம் ஆனதும் ரோஸ்லின் "ரொட்டேட்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். ஒவ்வொரு பெண்ணும் தேங்க்ஸ் சொல்லிவிட்டு அடுத்தவன் கைக்குப் போய்விட்டாள். அரங்கநாதன் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு நழுவி உருண்டது. ஈரத்தில் பவுடர் பிசுபிசுத்து இரண்டு கம்ப்யூட்டர்கள் வழுக்கி விழுந்தன.

ஆனால் அவர் கண் தேர்ந்த கண். இரண்டு மணி நேரம் பார்த்தார். இத்தனை கை பிடித்தும் ஒருத்தன்கூட இன்னொருத்தியின் ஊர் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை. பாட்டு முடிந்தால் கை தானாக விடுபட்டது. வேண்டாம் என்று ஒருத்தி தலையசைத்தால் அவன் சிரித்துவிட்டு நகர்ந்தான். டீ வாங்கும்போது பக்கத்தில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூசிய அன்புராஜ், அடுத்த நிமிடம் ஒருத்தியைப் பம்பரமாகச் சுற்றவிட்டான்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு மட்டும் ஏன் இந்த வியாதி? அரங்கநாதன் விசாரணையில் இறங்கினார்.

டீ போட்டு எடுத்துவந்த அவருடைய மனைவி தையலம்மாளுக்கு இதில் சந்தேகமே இல்லை. "உக்காந்தே வேல பாக்குதுங்க இல்ல, முட்டி புடிச்சிக்கும். டாக்டரு நடக்கச் சொல்லியிருப்பாரு. தனியா நடக்க பயம், கையப் புடிச்சினு நடக்குதுங்க."

அன்புராஜைக் கேட்டார். அவன் டீயை ஊதிக்கொண்டே சொன்னான்: "இன்ஜினியரிங் காலேஜ்ல பொண்ணுகிட்ட பேசுனா ஃபைன் போடுவாங்க அங்கிள். பஸ்ல கூட முன்னாடி அவங்க, பின்னாடி நாங்க. இப்ப ஆபீஸ்ல பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்டயே மெசேஜ்லதான் பேசறன். நேர்ல போனா இன்னா பேசறதுன்னே தெரியாது. இங்க அந்தக் கஷ்டம் இல்ல. கைய எங்க வெக்கணும், எப்ப விடணும், எல்லாத்துக்கும் ரூல் இருக்குது. ரூல் இருந்தா நாங்க எதுனாலும் செய்வோம்."

பிரியதர்ஷினி என்றொரு பெண் இருந்தாள். பாகூர்க்காரி, டேட்டாபேஸ் வேலை. அவள் சொன்னது வேறு மாதிரி. "தினம் மீட்டிங் அங்கிள். எல்லாரும் பேசறாங்க, யாரும் யாரு சொல்றதையும் கேக்கறதில்ல. இங்க ஒருத்தர் விரல லேசா நகர்த்தினா போதும், இன்னா சொல்றாருன்னு புரிஞ்சிடுது. அதுவும் இல்லாம..." என்று சிரித்தாள். "எந்தக் காலேஜ்னு அப்பா முடிவு பண்ணாரு. எந்தக் கம்பெனின்னு காலேஜ் முடிவு பண்ணுச்சி. எங்கள எதுவும் யாரும் நேரா கேட்டதில்ல. இங்கதான் ஒருத்தர் எதிர்ல வந்து நின்னு கேக்கறாரு, இல்லன்னு சொல்லவும் வழி இருக்குது."

அரங்கநாதனுக்கு இதில் முக்கால்வாசி புரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: பெண் வீட்டுப் பக்கம் நிறையப் பெண்கள், பிள்ளை வீட்டுப் பக்கம் ஆள் குறைவு. வேலியே இல்லாத தோட்டம்.

அன்று மாலையே கரும்புக் கொல்லைக்குப் போய் மகனைப் பிடித்தார்.

"டேய், வர்ற ஞாயித்துக்கெழம குளிச்சிட்டு மண்டபத்துக்கு வா. ஆடணும்."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னா? உனுக்கு யாருடா கலைவேந்தன்னு பேரு வெச்சது? ஒரு நாளாவது பேருக்கு நியாயம் செய். யாருனா இன்னா வேலன்னு கேட்டா கம்ப்யூட்டர்னு சொல்லு."

"மேல எதுனா கேட்டா?"

"சர்வர் டவுன்னு சொல்லு. பேங்க்ல அதத்தான சொல்றானுங்க, எவன் திருப்பிக் கேட்டிருக்கான்?"

கலைவேந்தன் முறைத்தான், மறுத்தான், ஞாயிற்றுக்கிழமை பவர் டில்லர் ரிப்பேர் என்றான். ஆனாலும் வந்தான். கரும்பு வெட்டும்போது காலை அகட்டி ஊன்றுகிற பழக்கம் அவனுக்கு. அந்தக் கணக்கிலேயே ஆடினான். அவனோடு ஆடியவர்கள் ஆட்டம் முடிந்ததும் கால் விரலைத் தடவிக்கொண்டார்கள். அதை எல்லாம் அரங்கநாதன் பொருட்படுத்தவில்லை. அவர் காத்திருந்தது அந்தக் கேள்விக்கு. யாராவது மகனைப் பார்த்து, "நீங்க இன்னா பண்றீங்க?" என்று கேட்க வேண்டும். அவன் "கம்ப்யூட்டர்" என்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவள் முகம் மலர வேண்டும்.

யாருமே கேட்கவில்லை. அந்த ஞாயிறும் இல்லை, அடுத்த ஞாயிறும் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அரங்கநாதனிடம் சரியான விடை இருந்தது, கேள்வி கேட்கத்தான் நாதியில்லை.

ஆனால் ஆட்டத்துக்கு நடுவே ஓய்வு விடும்போது ஒரு அதிசயம் நடந்தது. கம்ப்யூட்டர் பையன்கள் நாலைந்து பேர் கலைவேந்தனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் கையை ஆட்டி ஏதோ விளக்க, அவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருத்தன் போனில் குறித்துக்கொள்ளவே செய்தான். தூரத்தில் நின்ற அரங்கநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னாடா பேசினீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா தொழில் சம்பந்தமா."

மகன் தேறிவிட்டான் என்று முடிவு செய்தார். பிரியதர்ஷினி மட்டும் மற்றவர்களைவிட ஒரு பாட்டு கூடுதலாக அவனோடு ஆடுவதை அந்தத் தேர்ந்த கண் அதற்குள் பிடித்துவிட்டிருந்தது. இனிமேல் ஆக வேண்டியதை மண்டபம் மேனேஜர் பார்க்க வேண்டியதுதானே? பாகூரில் தம் மண்டபத்தில் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்! இரண்டு போனில் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தார். அப்பா மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அரங்கநாதன் நேரடியாக விஷயத்துக்கு வந்தார்: புள்ள இருக்கிறான், கடைசி ஞாயிறு மண்டபத்துக்கு வாங்க, வேலை, வருமானம் எல்லாம் நேரில் பேசிவிடலாம். அந்த வீட்டில் அவளுக்கு மும்முரமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிறோம் என்றார்கள்.

இன்னொரு விஷயத்தையும் அவர் சொல்லவில்லை. பெண்ணும் அங்கேதான் இருப்பாள் என்பதை. அது அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். வீட்டிலோ ஞாயிறு தோறும் ஆபீஸில் புது சாஃப்ட்வேர் 'ரிலீஸ்' வேலை என்று பிரியதர்ஷினி சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் உழைக்கிற மகளைப் பற்றி அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கடைசி ஞாயிறு. அப்பா வெள்ளை வேட்டி, அம்மா பட்டுப்புடவை, பையில் பூவும் பழமும். அரங்கநாதன் சந்தனம் கொடுத்து, பெண் வீட்டுப் பக்கம் முதல் வரிசையில் உட்கார வைத்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, அங்க ஆடறது நம்ம பிரியா மாதிரி இல்ல?" என்றாள் அம்மா.

"பிரியா ரிலீஸ்ல இருக்குது."

"அப்ப இது யாரு?"

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிரியாதான். ஒரு ஒல்லிப் பையன் அவளைப் பம்பரமாகச் சுற்றவிட்டான்.

"இந்தப் புள்ளதான் உங்க புள்ளையாங்க?" என்று கேட்டார்.

"இது இல்லீங்க."

"ரொட்டேட்!" என்றாள் ரோஸ்லின். பிரியா அடுத்தவன் கைக்குப் போனாள்.

"இதுவா?"

"இதுவும் இல்லீங்க. கொஞ்சம் இருங்க, வருவான்."

"ரொட்டேட்!"

"இது?"

"இது பேங்க்குங்க. அடுத்ததுதான் நம்ம புள்ள."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வழியாகக் கலைவேந்தன் வந்து சேர்ந்தான், வந்ததுமே பிரியாவின் காலை மிதித்தான். "இதோ, இதான்!" என்று அரங்கநாதன் எழுந்தே நின்றுவிட்டார்.

பெண்ணின் அப்பா கலைவேந்தனைப் பார்க்கவில்லை. அரங்கநாதனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது ஓய்வு பெற்ற மின்துறையின் மொத்த வோல்டேஜ்.

"நீங்க ஊருக்கே மொறை சொல்றவருன்னு சொன்னாங்க. சொல்லுங்க. இன்னா மொறையில இவனுங்க எம் பொண்ணு கையப் புடிக்கறானுங்க?"

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கர் கொரகொரத்து நின்றது. பெற்றோரைப் பார்த்த பிரியா ஆணியடித்தாற்போல் நின்றாள். மண்டபம் முழுக்க அரங்கநாதனையே பார்த்தது.

அவருக்குத் தெரியும். "நானும் இன்னிக்குத்தான் பாக்கறங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் தம் மானம் தப்பும், அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள். வாயைத் திறந்தார். வித்தைக்காரனின் வாய், பொய் சொல்லப் பழகாதது, பந்தியில் பார்த்ததைச் சொல்லியே பழகியது.

"ஒரு மொறையும் இல்லீங்க. மாசம் முச்சூடும் உக்காந்து பாத்தேன். கேட்டுட்டுத்தான் கையப் புடிக்கறானுங்க. வேணாம்னா நவுந்துடறானுங்க. பாட்டு முடிஞ்சா வுட்டுடறானுங்க. நம்ம மண்டபத்துல நடந்த எந்தக் கல்யாணத்துலயும் நான் இவ்ளோ ஒழுக்கத்தப் பாத்ததில்ல. மாப்ள தோழனுங்க இன்னா பண்ணுவானுங்கன்னு உங்களுக்கே தெரியும்." மூச்சு வாங்கினார். வாங்கிய மூச்சில் மிச்சமும் வெளியே வந்துவிட்டது. "எம் புள்ள கம்ப்யூட்டர் இல்லீங்க. கம்ப்யூட்டர்னு சொல்லத்தான் இருந்தேன். பயிர் வைக்கிறான். கரும்பு."

பிரியதர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கிள், அது மொத நாளே எல்லாருக்கும் தெரியும்."

"எப்டி?"

"கையப் புடிச்சோம் இல்ல? எங்க கையெல்லாம் நுங்கு மாதிரி இருக்கும். அவரு கை நெல்லு அடிக்கிற கல்லு மாதிரி இருந்துச்சி."

அன்புராஜ் முன்னால் வந்தான். "வேலைய வுட்டுட்டு விவசாயம் பண்ணணும்னுதான் அங்கிள் எங்க எல்லாருக்கும் ஆசை. நெலம் எப்டி பாக்கறது, தண்ணி எப்டி பாக்கறதுன்னு கலைவேந்தண்ணன்தான் சொல்லிக் குடுக்கறாரு."

அரங்கநாதன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விவசாயி என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று அவர் ஒளித்து வைத்த பிள்ளையைத்தான், விவசாயி என்பதற்காகவே கம்ப்யூட்டர் கூட்டம் சூழ்ந்து நின்றிருக்கிறது.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றாள் பிரியா, தன் அப்பாவைப் பார்த்து. "எனக்கு மாப்ள பாக்கத்தான வந்தீங்க? என்னைக் கேக்கணும்னா நீங்களும் கேக்க ஓணாம், இவங்க அப்பாவும் கேக்க ஓணாம். ஆசை இருக்கறவரு கேக்கட்டும்."

கலைவேந்தனின் காது செங்கல்லாகச் சிவந்தது. மண்டபம் மறுபடி ரொட்டேட் ஆகி அவனைப் பார்த்தது. அவன் வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

"கட்டிக்கறியா?"

"இப்ப வேணாம்" என்றாள் பிரியதர்ஷினி.

அரங்கநாதன் வாழ்க்கையில் எத்தனையோ 'வேண்டாம்' கேட்டவர். ஆனால் டீக்கு முன்னால், ஜாதகம் இல்லாமல், நேருக்கு நேராக ஒரு 'வேண்டாம்' இதுதான் முதல் தடவை. மகன் இப்போது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போவான், இனிமேல் பெண் பார்க்க எந்த வீட்டுக்கும் வர மாட்டான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

கலைவேந்தன் நீட்டிய கையை மடக்கவே இல்லை. "சரி. அடுத்த பாட்டுக்கு?"

"ம்," என்று அவள் கையைக் கொடுத்தாள்.

"அப்ப வேணுமா, வேணாமாங்க?" என்று அரங்கநாதன் பெண்ணின் அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

"எனக்கும் புரியலீங்க" என்றார் அவர். கொண்டுவந்த பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றை உரித்துத் தின்றார்.

கலைவேந்தன் ஆவணியில் ஒரு தரம் கேட்டான், ஐப்பசியில் ஒரு தரம் கேட்டான். நடுவில் அவள் கொல்லைக்கு வந்து பவர் டில்லர் ஓட்டிப் பார்த்து வரப்பை இடித்தாள். காலை மிதித்ததற்கும் வரப்பை இடித்ததற்கும் சரியாகப் போயிற்று என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கார்த்திகையில் சரி என்றாள். தையில் அதே மண்டபத்தில் கல்யாணம். முதல்முறையாகப் பிள்ளை வீட்டுக்காரராக நின்ற அரங்கநாதன், ஜெனரேட்டர் சாவியைப் பழைய வேட்டியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போயிற்று. சம்பந்திதான் மின்துறையின் பழைய கையோடு ஓடிப் போய்ச் சரி செய்தார். பந்தியில் கம்ப்யூட்டர் கூட்டம் எந்தப் பக்கமும் நிலையாக உட்காராமல், கூட்டுக்கு ஒரு இலை, பொரியலுக்கு ஒரு இலை என்று ரொட்டேட் ஆகி, பரிமாறுகிறவர்களை அழ வைத்தது.

செய்தி சுற்று வட்டாரம் எல்லாம் பரவியது. மறு ஆடியில் மங்கலத்திலிருந்தும் பாகூரிலிருந்தும் அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து மண்டபத்தில் இறக்கினார்கள். அன்புராஜும் மற்ற பையன்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிலம் பார்க்கப் போய்விடுவதால் பிள்ளை வீட்டுப் பக்கம் முழுக்க உழவர் பெருமக்கள். பவுடர் டப்பாவின் செலவு இரட்டிப்பாயிற்று. கால் விரல் தைலத்தின் செலவும்.

சுவேதா என்று டவுனிலிருந்து ஒரு பெண் புதிதாக ஆட வந்திருந்தாள். வெப்சைட் செய்கிற வேலை. ஒரு பாட்டு ஆடிவிட்டு, விரலைத் தடவிக்கொண்டே வந்து அரங்கநாதனிடம் கேட்டாள்:

"ஏன் அங்கிள், இந்த ஆட்டத்துக்கு வர்றவங்க எல்லாம் கரும்புக்காரங்களாவே இருக்காங்க?"

அரங்கநாதன் தொண்டையைச் செருமி ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் டீ டிரம் பக்கத்திலிருந்து தையலம்மாள் பதில் சொல்லிவிட்டாள்.

"குனிஞ்சே வேல பாக்குதுங்க இல்ல, இடுப்பு புடிச்சிக்கும். டாக்டரு நிமிந்து நிக்கச் சொல்லியிருப்பாரு."